குழூஉக்குறி: இலக்கணத்திலும் சந்தையிலும் காவல் ஏட்டிலும்

ஒரு தொழிலையோ கூட்டத்தையோ சேர்ந்தவர்கள், ஒரு பொருளை அதன் வழக்கமான பெயரால் சொல்லாமல் தங்களுக்குள் மட்டும் விளங்கும் வேறு சொல்லால் சுட்டுவது குழூஉக்குறி எனப்படும். பள்ளிப் பாடநூல்களிலும் போட்டித் தேர்வுகளிலும் இது ஓர் இலக்கண வகையாக மட்டுமே அறிமுகமாகிறது. ஆனால் இதற்கு நீண்ட சமூக வரலாறு உண்டு. பொற்கொல்லர் பட்டறை, யானைக் கொட்டில், மாட்டுச் சந்தை, வருவாய்க் கச்சேரி, காவல் நிலையம் என வெவ்வேறு இடங்களில் இத்தகைய சொற்கள் வெவ்வேறு மதிப்பைப் பெற்றன. ஓரிடத்தில் தகுதியாகக் கருதப்பட்ட ஒன்று மற்றோரிடத்தில் குற்றத்தின் சான்றாகக் கருதப்பட்டது. சொல்லின் இயல்பு மாறாதபோதும் அதைப் பேசியவர் யார், கேட்டவர் யார் என்பதே அதன் மதிப்பை முடிவு செய்தது.

பெயரும் பொருளும்

குழு என்னும் சொல் அளபெடுத்துக் குழூஉ என்றாகி, குறி என்பதோடு சேர்ந்து குழூஉக்குறி ஆயிற்று. குழுவினர் தமக்குள் வைத்துக்கொண்ட அடையாளச் சொல் என்பது இதன் பொருள்.

பிற மொழிகளில் இதே பொருளுக்கு அமைந்த சொற்கள் வேறு பார்வைகளைக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜார்கன்’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கு அது பறவைகளின் கீச்சொலியைக் குறித்தது. புரியாத பேச்சை வெறும் ஓசையாகக் காணும் பார்வை அதில் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் இதற்கு ‘பேர்லகர்’ என்று பெயர். ‘பேர்ல’ என்ற சொல்லோடு தொடர்புடையது அது. ‘பேர்ல’ பழைய ஐரிஷில் பேச்சு அல்லது மொழி என்று பொருள்பட்டது; அதன் வேர் ‘வாய்’ என்னும் சொல். இன்றைய ஐரிஷில் அதே சொல் ஆங்கில மொழியைக் குறிக்கிறது. தமிழ்ப் பெயரோ பேசும் கூட்டத்தை முன்னிறுத்துகிறது. வெளியாளுக்கு அது எப்படிக் கேட்கிறது என்பதை விட, உள்ளே இருப்பவர்களுக்கு அது என்ன வேலை செய்கிறது என்பதே அப்பெயரில் முதன்மை பெறுகிறது.

குழூஉக்குறியைப் பிற வழக்குகளிலிருந்து வேறுபடுத்திக் காண வேண்டும். ஒரு நிலப்பகுதியில் எல்லாரும் பேசுவது வட்டார வழக்கு. திருத்தமற்றதாகக் கருதப்படும் பேச்சு கொச்சை. ஒரு துறையின் கருத்தைத் துல்லியமாகச் சொல்வதற்காக அமைந்து, கற்க விரும்பும் எவருக்கும் திறந்திருப்பது கலைச்சொல். குழூஉக்குறியில் மறைப்பு உண்டு. கேட்பவரில் ஒரு பகுதியினருக்குப் புரியாமலிருப்பதே அதன் பயன்.

இலக்கண நூல்களில்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் தகுதி, வழக்கு ஆகியவற்றைத் தழுவிவரும் சொற்களைப் பற்றிய நூற்பா ஒன்று உள்ளது. அதற்கு உரை கண்ட பழைய உரையாசிரியர்கள், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குறிநிலை வழக்கையும் அங்கே சேர்த்து விளக்கினர்.

13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இதைத் தெளிவான வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நன்னூல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரிக்கிறது. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றும் இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கு.

அவையில் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மலம் கழுவி வந்தேன் என்பதைக் கால் கழுவி வந்தேன் என்பது இதற்கு எடுத்துக்காட்டு. மங்கலமற்றதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வது இவ்வகை. இவ்விரண்டோடு குழூஉக்குறியும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. மூன்றிலும் ஒரு பொருளுக்கு இயல்பான பெயர் இருக்கிறது. அந்த இடத்துக்கு அது தகாது என்று கருதி வேறு பெயர் வைக்கப்படுகிறது. முதலதில் நாணமும் இரண்டாவதில் அச்சமும் மூன்றாவதில் தொழில் மறைவும் காரணங்கள்.

ஆகவே குழூஉக்குறி, தமிழ் இலக்கண மரபில் மொழியின் சிதைவாகக் கருதப்படவில்லை. எந்த இடத்தில் எதைச் சொல்வது தகும் என்ற அறிவின் ஒரு பகுதியாகவே அது கருதப்பட்டது.

உரைகள் காட்டும் தொழில்கள்

உரையாசிரியர்கள் தந்த எடுத்துக்காட்டுகள் மிகச் சில. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர். வண்ணக்கர் காணத்தை நீலம் என்பர்.

இவற்றுள் சொல்விளம்பி என்பதன் பொருள் எளிதில் விளங்கும். குடித்தவனின் வாயிலிருந்து மறைவெல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதால், சொல்லை விளம்பச் செய்வது கள்ளின் பெயராயிற்று. மறைப்பதற்காக வைத்த பெயரே, மறைக்க விடாத பொருளைப் பற்றிய கேலியாக அமைந்திருக்கிறது.

வண்ணக்கர் என்போர் நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவர்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற சங்கப் புலவர்களின் பெயர்களில் இத்தொழிற்பெயர் காணப்படுகிறது. காணம் என்பது பொற்காசு. வாடிக்கையாளரின் முன்னிலையில் அவருடைய பொன்னையோ காசையோ மதிப்பிட வேண்டிய தொழில்கள் இவை. பட்டறையில் இருக்கும் இருவர் அதன் தரத்தைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தால், எதிரே அமர்ந்திருப்பவருக்குப் புரியாத சொல் தேவைப்பட்டது. பொற்கொல்லர், வண்ணக்கர் ஆகிய இருவரின் குறியும் அவர்கள் கையாண்ட விலைமிக்க பொருளின் பெயரையே மறைப்பது தற்செயலானதாகத் தெரியவில்லை.

யானைப்பாகர்களுக்குத் தனிப் பேச்சு இருந்ததைப் பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டும் காட்டுகிறது. பாசறையில் யானையைப் பழக்கும் இளைஞர்கள் வடமொழிச் சொற்களைப் பயிற்றி அதற்குக் கவளம் ஊட்டும் காட்சி அதில் வருகிறது. கல்வி கற்காதவர்கள் என்று சொல்லப்படும் அவர்கள், தங்கள் தொழிலுக்கு வேண்டிய அயன்மொழிச் சொற்களை மட்டும் அறிந்திருந்தனர். தொழிற்பேச்சு பொதுமொழியிலிருந்து விலகி நின்றதற்கு இது பழைய சான்று.

சந்தைக் குறிகள்

குழூஉக்குறி இன்றும் எளிதில் காணக்கூடிய இடம் சந்தை. தருமபுரி மாவட்டத்தில் வெற்றிலை, வெல்ல வணிகத்துக்குப் பெயர்பெற்ற கடத்தூர் போன்ற ஊர்களில் பேசப்படும் சந்தை மொழியை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம்.

முதல் அடுக்கு, தொழிலறிந்த எவருக்கும் தெரிந்த அளவுச் சொற்கள். வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் எண்ணுவது இவ்வகை. பொதுவாக 100 வெற்றிலை ஒரு கவுளி என்பர். மாட்டின் வயதைப் பல்லால் சொல்வதும் அப்படியே. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைப்பதைக் கொண்டு இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்றும், எட்டுப் பற்களும் முளைத்தபின் கடை சேர்ந்தது என்றும் சொல்வர். புதியவருக்கு இவை புரியாவிட்டாலும் கேட்டால் விளக்கம் கிடைக்கும். எனவே இவை கலைச்சொற்களுக்கு நெருக்கமானவை.

இரண்டாவது அடுக்கு எண்களை மறைப்பது. ஜவுளி, மளிகை, நகை வணிகர்கள் சரக்கின் அடக்க விலையைச் சீட்டில் எழுத்துகளால் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. எழுத்து மீண்டும் வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுப்பர். விளக்கத்துக்காகக் ‘கடல்மீன் விற்பவர்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். இதில் க 1, ட 2, ல் 3, மீ 4, ன் 5, வி 6, ற் 7, ப 8, வ 9, ர் 0 ஆகும். அப்படியானால் கபமீ என்ற குறி 184 ரூபாயைச் சுட்டும். கடைக்காரரும் கணக்கரும் சீட்டைப் பார்த்தவுடன் அடக்க விலையை அறிவர்; வாங்குபவருக்கு அது ஏதோ கிறுக்கலாகத் தெரியும். எவ்வளவு வரை விலையைக் குறைக்கலாம் என்று கடைப் பையனுக்குச் சொல்ல இதுவே போதும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல், வணிகச் சாதியார் பலரிடையே இத்தகைய மறைமொழி வழங்கியதைப் பதிவு செய்துள்ளது.

எழுத்தால் எண்ணைக் குறிப்பது தமிழுக்குப் புதிதன்று. பழைய தமிழ் எண்களில் 1 க எனவும் 2 உ எனவும் 8 அ எனவும் எழுதப்பட்டன. கால் என்ற பின்னத்துக்கு வ போன்ற குறி இருந்தது. எட்டையும் காலையும் சேர்த்தால் ‘அவ’ என்று வருவதை வைத்து ஒருவரை அவலட்சணம் என்று ஏசும் தனிப்பாடல் ஔவையார் பெயரில் வழங்குகிறது.

மூன்றாவது அடுக்கில் சொல்லே கிடையாது. மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குபவரும் துண்டால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்து விலை பேசுவர். பிடித்த விரல்களின் எண்ணிக்கை தொகையைச் சொல்லும். அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டின் அசைவு மட்டுமே தெரியும்.

இம்முறைக்கு நியாயமும் உண்டு. பேரம் படியாமல் போனாலும் மாட்டின் விலை ஊரறியத் தாழ்வதில்லை. அடுத்து வருபவரிடம் உரிமையாளர் புதிதாகப் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் விளைபொருள் சந்தையில் இதன் கேடு பெரிதாக இருந்தது. விற்பவரின் தரகரும் வாங்குபவரின் தரகரும் துணிக்கடியில் பேசி முடிக்கும்போது, பொருளை விளைவித்தவருக்கே உண்மை விலை தெரியாமல் போயிற்று. 1926-இல் அமைக்கப்பட்டு 1928-இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான அரச ஆணையம் இந்த மறைபேரத்தைக் குறையாகச் சுட்டியது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-இல் பருத்திக்காகத் திருப்பூரில் தொடங்கியது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலம் வெளிப்படையாக நடப்பதற்கு இது முன்னோடி. குழுவைக் காக்கும் மறைபேச்சு, குழுவுக்கு வெளியே நிற்கும் எளியவரை ஏமாற்றவும் உதவும் என்பதற்குச் சந்தையே சான்று.

கச்சேரியின் மொழி

மறைபேச்சு தொழிலாளருக்கும் வணிகருக்கும் மட்டும் உரியதன்று. ஆட்சிக்கும் அது உண்டு. 1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, உழவரிடம் நேரடியாக வரி பெறும் முறையை வகுத்தனர். பின்னர் மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இங்கிருந்தே வளர்ந்தது.

அம்முறையில் ஒவ்வோர் உழவரும் அரசோடு நேரடியாகக் கணக்குத் தீர்க்க வேண்டியவரானார். ஆனால் அந்தக் கணக்கின் சொற்கள் அவருடையவையாக இல்லை. ஜமாபந்தி, கிஸ்தி, சிட்டா, தாசில், பைசல் எனப் பாரசீகம், அரபு, மராத்தி, இந்துஸ்தானி வழியாக வந்த சொற்களே ஏடுகளில் நிறைந்தன. அவற்றை அறிந்தவர் கணக்கப்பிள்ளையும் கச்சேரி ஊழியரும். 1855-இல் எச். எச். வில்சன் நீதி, வருவாய்ச் சொற்களுக்குப் பெரிய சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். ஆங்கில அதிகாரிகள் இச்சொற்களைப் புரிந்துகொள்வதற்காகவே அது எழுதப்பட்டது. வரி கட்டிய உழவருக்கு அப்படி ஒரு துணை கிடைக்கவில்லை.

காலப்போக்கில் மக்கள் இச்சொற்களில் பலவற்றைத் தமதாக்கிக் கொண்டனர். பட்டாவும் சிட்டாவும் இன்று எந்தக் கிராமத்திலும் விளக்கம் வேண்டாத சொற்கள். வழக்கமானது என்று மட்டும் பொருள்பட்ட மாமூல், இன்று கையூட்டைக் குறிக்கிறது. ஆட்சியின் சொல்லை எடுத்து ஆட்சியின் குறையைச் சொல்லும் குறியாக மக்கள் மாற்றிக்கொண்டார்கள். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் ஆட்சிச் சொல்லகராதி தொகுக்கப்பட்டது. ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்ற பெயர் வந்தது. எனினும் பழைய சொல்லே பேச்சில் வலுவாக நிற்கிறது.

குற்றத்தின் அடையாளமாக

அலுவலகத்தின் மறைமொழி நிர்வாகத் திறனாகக் கருதப்பட்ட அதே காலத்தில், நாடோடிக் குடிகளின் மறைமொழி குற்றத்தின் சான்றாகக் கருதப்பட்டது. 1836-இல் வில்லியம் ஸ்லீமன் வட இந்தியாவில் தக்கர்கள் எனப்பட்டோரின் குழூஉச் சொற்களைத் தொகுத்து ராமசீயானா என்ற பெயரில் கல்கத்தாவில் வெளியிட்டார். தனிச்சொல் பேசும் கூட்டம் சதிக்கூட்டம் என்ற எண்ணம் வேரூன்ற அந்நூல் காரணமாயிற்று. 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911-இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்துவதாயிற்று.

அதற்கு முன்பே, 1892-இல், காவல்துறை அதிகாரி எஃப். எஸ். முல்லாலி சென்னை மாகாணத்தின் ‘குற்ற வகுப்பினர்’ பற்றிக் குறிப்புநூல் ஒன்றை எழுதியிருந்தார். குறவர் முதலிய குடிகளின் வழக்கங்களோடு அவர்களுடைய மறைசொற்களும் காவலர்களின் பயன்பாட்டுக்காக அதில் தரப்பட்டன. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராகச் சென்ற வணிகம் அம்மக்களுக்கு இருந்தது. நகைக் கடைக்காரருக்கும் ஜவுளிக் கடைக்காரருக்கும் தேவைப்பட்டது போலவே அவர்களுக்கும் மறைபேச்சு தேவைப்பட்டிருக்கும். ஆனால் கடைக்காரரின் குறி வணிகத் தந்திரமாகவும் நாடோடியின் குறி திருட்டுத் திட்டமாகவும் எழுதப்பட்டன. பிறப்பினாலேயே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்த அச்சட்டம் 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் நீக்கப்பட்டது. அந்த நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாக நினைவுகூர்கின்றனர்.

இம்மொழிகளை மொழியியல் கண்ணோடு அணுகிய முயற்சியும் நடந்தது. டப்ளின் அருகே 1851-இல் பிறந்த ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் இந்திய மொழிக் கணக்கெடுப்பை நடத்தினார். 1922-இல் வெளிவந்த அதன் பதினொன்றாம் தொகுதி நாடோடிக் குடிகளின் மொழிகளையும் மறைபேச்சுகளையும் பற்றியது. வழக்கமான சொல்லின் முதலெழுத்தை மாற்றியோ வேறோர் எழுத்தைச் சேர்த்தோ எழுத்துகளை இடம் மாற்றியோ சொற்கள் மறைக்கப்படும் முறைகளை அது விளக்குகிறது. தமிழ்ச் சிறுவர்கள் விளையாட்டாகப் பேசும் ‘க பாஷை’யும் இதே முறையில் அமைந்ததுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே க சேர்த்தால் வாடா என்பது கவாகடா ஆகிவிடும்.

அயர்லாந்தின் ஒப்புமை

கிரியர்சன் பிறந்த நாட்டிலும் இதே வரலாறு உண்டு. அயர்லாந்தின் கல்தச்சர்கள் தமக்குள் பேசிய மறைமொழிக்குப் ‘பேர்லகர் ந சேர்’, அதாவது கல்தச்சரின் குழூஉமொழி, என்று பெயர். வேலை கொடுப்பவர் அருகில் நிற்கும்போதே கூலியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசிக்கொள்ள அது உதவியது.

தகரப் பாத்திரங்களைச் செப்பனிட்டு ஊர் ஊராகச் செல்லும் ஐரிஷ் நாடோடிகளின் மொழி ஷெல்ட்டா. அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் லேலண்ட் 1882-இல் வெளியிட்ட ஜிப்சிகள் பற்றிய நூலில் அதைக் குறித்து எழுதினார். ஜெர்மானிய அறிஞர் குனோ மேயர் 1891-இல், அதன் சொற்கள் பல பழைய ஐரிஷ் சொற்களைத் திருப்பியோ மாற்றியோ அமைந்தவை என்று காட்டினார். கதவு என்று பொருள்படும் ஐரிஷ் சொல் ‘தொரஸ்’; அது ஷெல்ட்டாவில் ‘ரோடஸ்’ ஆகிறது. பெண் என்னும் பொருளுள்ள ‘கலீன்’ ‘லக்கீன்’ ஆகிறது. இவ்விரு பேச்சுகளையும் பிற மறைமொழிகளையும் ஆர். ஏ. எஸ். மெக்காலிஸ்டர் 1937-இல் அயர்லாந்தின் மறைமொழிகள் என்ற நூலில் தொகுத்தார். அங்கும் கல்தச்சரின் பேச்சு தொழில் மரபாக மதிக்கப்பட, நாடோடிகளின் பேச்சு நெடுங்காலம் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது.

இன்றைய நிலை

தமிழில் வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் பணி குறிப்பிடத்தக்க அளவு நடந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதிகளை வெளியிட்டனர். தொழிற்குழுக்களின் மறைசொற்களுக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. இவற்றைத் தொகுப்பதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வட்டாரச் சொல்லை அகராதியில் ஏற்றினால் அது வாழும். தொழிலில் உள்ள மறைசொல்லை அச்சிட்டால் அதன் பயன் போய்விடும். காவல்துறை ஒருகாலத்தில் சொற்பட்டியல்களைத் தொகுத்ததும் இந்தப் பயனை அழிப்பதற்காகவே. எனவே பேசுபவர்களின் ஒப்புதலோடும், தொழில் மாறிவிட்டதால் வழக்கொழிந்த சொற்களை முதலில் எடுத்துக்கொண்டும் இப்பணியைச் செய்வதே முறை.

அச்சிட்ட விலைச்சீட்டும் மின்னணு ஏலமும் கைப்பேசியும் வந்தபின் விலையை மறைக்கும் குறிகளின் தேவை குறைந்துவிட்டது. ஒரு தலைமுறை விலகும்போது அதனுடன் அதன் சொற்களும் விலகுகின்றன. பறி, காரை, சொல்விளம்பி, நீலம் ஆகியவை பல நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குத் தெரியக் காரணம், ஒரு நூற்பாவுக்கு எடுத்துக்காட்டு தேவைப்பட்ட உரையாசிரியர்கள் அவற்றைக் கேட்டு எழுதிவைத்ததுதான். அவர்கள் குறிப்பிடாத தச்சர், நெசவாளர், குயவர், கொத்தர், மீனவர் ஆகியோரின் அக்காலக் குறிகளில் பெரும்பாலானவை அவர்களோடே மறைந்தன.